பர்மிட் இல்லாத துப்பறிவாளர்கள்

அமெரிக்கத் துப்பறியும் நாவலில் கொலை விழ முதலில் மழை வேண்டும். ராத்திரி, ஈரமான தார்ச்சாலை, அதில் கலங்கிக் கிடக்கும் நியான் விளக்கு. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்ட ஒருவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிகரெட் பற்றவைப்பான். மூன்றாவது மாடியில் அவனுக்கு ஓர் ஆபீஸ், மேஜை டிராயரில் விஸ்கி, மூன்று மாத வாடகை பாக்கி. ஓர் அழகி கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள். அவள் சொல்வது அத்தனையும் புளுகு என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் கேஸை எடுத்துக்கொள்வான். கதை முடிவதற்குள் மண்டையில் நாலு முறை அடி வாங்கி, நாலு முறையும் கோட்டைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வான்.

இந்த ஆசாமியை 1950 வாக்கில் மீட்டர்கேஜ் ரயிலிலிருந்து ராஜபாளையத்தில் இறக்கிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதல் காரியமாகக் கோட்டைக் கழற்றியிருப்பான். தென்மேற்குப் பருவமழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு, போனால் போகிறதென்று அய்யனார் அருவியில் கொஞ்சம் ஒழுகவிடுவார்கள். கொலைக்கெல்லாம் காணாது. சரி, வெயிலிலேயே துப்பறிகிறேன் என்று அவன் கடை விரித்தால், அந்த அழகி வரவேண்டும். அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள், யார் வீட்டுப் பெண், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது, மாமியாரோடு என்ன தகராறு என்பதெல்லாம் கீழே டீக்கடையில் பேசி முடிந்திருக்கும். தனியார் துப்பறிவாளர் என்ற உத்தியோகத்துக்குக் கொஞ்சமாவது அந்தரங்கம் உள்ள ஊர் வேண்டும். எங்கள் பக்கம் அந்தச் சரக்கு கையிருப்பில் இருந்ததே இல்லை.

கொலை இல்லாமல் இல்லை. மாவட்டத்தின் தலைமை நீதிமன்றமே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ஊருக்குப் போனால் கோபுரத்தைப் பார்க்க, பால்கோவா வாங்க, வாய்தாவுக்கு என்று மூன்று காரணம் உண்டு. ஆனால் நம் கொலைகளுக்கு நாவல் ஆகும் யோகம் கிடையாது. காரணம் கேட்டால் வரப்பு என்பார்கள், கிணற்றுப் பங்கு என்பார்கள். செய்தவரோ அரிவாளும் கையுமாக நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், "நாந்தேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். கொலையாளி யார் என்ற கேள்வியில் முந்நூறு பக்கம் ஓட்டுகிற எழுத்தாளன் இங்கே மூன்றாவது வரியில் பிழைப்பை இழப்பான். மர்மம் பிறகுதான் ஆரம்பிக்கும், அதுவும் கோர்ட்டில். சாட்சி சொல்ல வந்த பதினோரு பேரும் சம்பவத்தன்று வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள்.

துணைக்கு ஒரு நாயாவது கொடுக்கலாம் என்றால், ராஜபாளையம் நாய் மோப்ப நாய் இல்லை. காட்டுப்பன்றியைக் கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இருட்டில் எதிரியைப் பின்தொடர இதைவிட மோசமான நிறம் கிடைக்காது. இந்த இனத்தில் சில குட்டிகளுக்குக் காதும் கேட்காது. 2005ல் தபால்தலையில் ஏறிவிட்டது, அது வேறு விஷயம். அடி வாங்குகிற பகுதிக்கு மட்டும் ஊர் முழுத் தயார். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெய்தே பேர் வாங்கிய ஊர். எத்தனை தடவை மண்டை உடைந்தாலும் கவலை இல்லை, கட்டுப்போட உள்ளூர்ச் சரக்கு உண்டு.

அடுத்து, இந்த வகைக் கதைக்கு ஊழல் பிடித்த அரசியல்வாதி ஒருவர் கட்டாயம். மேயர், சுருட்டு, மாளிகை, மாளிகைக்குப் பின்கட்டில் சூதாட்ட விடுதி. ராஜபாளையம் இந்த விஷயத்திலும் கதாசிரியனைக் கைவிட்டது. 1949லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தையே ஆண்டவர் இந்த ஊர்க்காரர், பூ. ச. குமாரசுவாமி ராஜா. அவர் என்ன செய்தார்? சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முதல்வராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் தோற்றும் போனார். ஊழல் பண்ணாததோடு நில்லாமல் இருக்கிற வீட்டையும் கொடுத்துவிடுகிற ஆளை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளன் வில்லன் பண்ணுவான்?

அவர் காலத்தில் அமலில் இருந்த ஒரு சட்டம்தான் தமிழ்த் துப்பறியும் கதையின் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்பது என் கட்சி. இலக்கிய விமர்சகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் பலர் இந்தக் கதைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தவர்கள், வெளியே சொல்ல முடியாது.

மதுவிலக்கைச் சொல்கிறேன். 1937ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்து வைத்தார். 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூரார் காலத்தில், அது மாகாணம் முழுக்கப் பரவியது. அப்புறம் வந்த குமாரசுவாமி ராஜாவும் கட்டிக் காத்தார். 1971 ஆகஸ்டில் கருணாநிதி கதவைத் திறக்கும் வரை, ஏறக்குறைய இருபத்துமூன்று வருஷம், தமிழ்நாட்டில் விஸ்கி குடிக்க வேண்டுமென்றால் பர்மிட் வாங்க வேண்டும். உலகத் துப்பறியும் இலக்கியம் கழுத்து வரை குடித்துக் கிடந்த அதே இருபத்துமூன்று வருஷம்.

அமெரிக்காவிலும் 1920லிருந்து 1933 வரை மதுவிலக்கு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அங்கே சட்டம் போட்டதும் கள்ளச்சாராயக் கும்பல் வந்தது, கும்பலோடு துப்பாக்கி வந்தது, துப்பாக்கியோடு கதை வந்தது. 'பிளாக் மாஸ்க்' என்ற மட்டித்தாள் பத்திரிகை பிறந்ததே 1920ல்தான். ஆரம்பித்தவர்கள் மென்க்கனும் நேதனும். தங்களுடைய உயர்ந்த இலக்கியப் பத்திரிகையின் நஷ்டத்தை ஈடுகட்டப் படித்தவர்கள் இருவர் பண்ணிய குடிசைத் தொழில் அது. அதில் எழுதிய டாஷியல் ஹாமெட், பிங்கர்டன் கம்பெனியில் நிஜமாகவே துப்பறிவாளராக வேலை பார்த்தவர். பின்னால் வந்த ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய அதிகாரி. குடியால் வேலை போய், வேலை போனதால் எழுத்தாளர் ஆனார். ஆக அந்த இலக்கியத்துக்கு மூலதனமே பாட்டில்தான்.

இங்கே நம்மவர் சட்டத்தை மதித்தார். சங்கர்லால் டீ குடித்தார்.

தேவகோட்டையில் 1926ல் பிறந்த ராமநாதன், தமிழ்வாணன் ஆகி, 'கல்கண்டு' பத்திரிகைக்கு ஆசிரியர் ஆகி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தமிழர்களுக்குக் கொடுத்த துப்பறிவாளர் சங்கர்லால். தொப்பி துப்பறிவாளர் தலையில் இருக்க வேண்டியது. தமிழில் அது எழுத்தாளர் தலைக்குப் போய்விட்டது. முகவரி எழுதாமல் தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் உறையில் வரைந்து போட்டாலே கடிதம் போய்ச் சேரும் என்று ஒரு கதை உண்டு. தபால்காரர்களும் கல்கண்டு வாசகர்களாக இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதுதான்.

சங்கர்லாலுக்கு ஒரு சிக்கல் வந்தால் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி மேஜைமேல் போட்டுக்கொண்டு தேநீர் அருந்துவார். இன்னும் சிக்கலா? இன்னொரு தேநீர். பாக்கெட் சைஸ் புத்தகத்தில் அவர் அருந்திய தேநீரை எல்லாம் சேர்த்து ஊற்றினால் ஒரு கண்மாய் நிறையும். வீட்டில் மனைவி இந்திரா, வேலைக்காரர் மாணிக்கம், வெளியே வகாப் என்று ஒரு போலீஸ் அதிகாரி. வாடகை பாக்கி கிடையாது. ஒழுக்கம் தவறமாட்டார். சாண்ட்லருடைய துப்பறிவாளர் மார்லோ ஒரு மழை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து வாழ்க்கை வெறுத்துக் குடிக்கிற அதே நேரத்தில், சங்கர்லால் வீட்டில் மாணிக்கம் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்.

கேலி செய்வது சுலபம். ஆனால் டீயோடு அவர் ஹாங்காங், பெர்லின் என்று போய்வந்ததை ராஜபாளையம் மில் தொழிலாளி ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தார். பெர்லினில் டீ அப்படிக் கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் என்ற இங்கிலீஷ்காரர் அமெரிக்காவைப் பார்க்காமலேயே, வரைபடத்தையும் கொச்சைச் சொல் அகராதியையும் விரித்து வைத்துக்கொண்டு 1939ல் அமெரிக்கக் கொலைக்கதை எழுதினார். உலகமே வாங்கிப் படித்தது. அவரை ஒன்றும் சொல்லாத நாம் சங்கர்லாலை மட்டும் ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்?

தமிழ்வாணன் அட்டையில் போட்டுக்கொண்ட வாசகம் 'துணிவே துணை'. அது சும்மா இல்லை. கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று ஒரு புத்தகமே எழுதினார் மனிதர். சிவாஜி கணேசன் வரி கொடுக்க மறுத்துக் கர்ஜித்து, தமிழ்நாடே எழுந்து நின்று கைதட்டிய வீரர்மேல் சார்ஜ் ஷீட். சங்கர்லால் தொடத் துணியாத கேஸ் அது.

இதற்கெல்லாம் முன்னால் தமிழில் துப்பறிந்தவர்கள் இன்னும் விசேஷமானவர்கள். 1894லேயே பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணரை இறக்கிவிட்டார். ஷெர்லக் ஹோம்ஸுக்கு வயது ஏழு ஆகும்போதே நமக்கு ஆள் வந்தாயிற்று. பாளையங்கோட்டைக்காரர் ஜே. ஆர். ரங்கராஜு 1908ல் 'இராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். அது பதிப்புமேல் பதிப்பு கண்டு, 1935லும் 1951லும் இரண்டு தடவை சினிமாவும் ஆனது. ஆரணி குப்புசாமி முதலியார் லண்டன் மர்மங்களுக்குத் திருநீறு பூசி ரத்தினபுரிக்குக் குடி பெயர்த்தார்.

வடுவூர் துரைசாமி ஐயங்கார்தான் எனக்குப் பிடித்தமானவர். தாசில்தார் வேலையை உதறிவிட்டு எழுத வந்தவர். அவருடைய துப்பறிவாளர் பெயர் திகம்பர சாமியார். துப்பாக்கியை எங்கே வைத்துக்கொள்வார் என்று பெயரைக் கேட்டதும் தோன்றும், கேட்காதீர்கள். 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியபோது எம். என். நம்பியார் வேஷத்துக்குமேல் வேஷம் மாற்றி நடித்தார். கதைகளில் முடிச்சுகளை அவிழ்த்த ஐயங்கார், நிஜவாழ்வில் ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொண்டார்: ஐயங்கார்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரிய ஆங்கிலப் புத்தகமே எழுதித் தீர்ப்புச் சொன்னார். எகிப்திலிருந்து! ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதித் திண்ணையில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பத்துத் தலைமுறையாக வடகலையா தென்கலையா என்று யானைக்கு நாமம் போடச் சண்டை போட்டவர்களிடம் போய், இரண்டு கலைக்கும் நைல் நதிதான் பூர்வீகம் என்றால்?

ஆக, நாவல்களில் சாமியாரும் டீயும் இருந்தார்கள். அந்த இருட்டு, மழை, பொய், பாவம் எல்லாம் தமிழ்நாட்டில் இல்லவே இல்லையா? இருந்தது. அதைக் கதாசிரியர்கள் தொடவில்லை, பேப்பர்காரர்களும் வக்கீல்களும் எடுத்துக்கொண்டார்கள்.

1944ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட்டில் 'டபுள் இண்டெம்னிட்டி' என்ற கொலைப் படம் ஓடிய வருஷம். சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர். முதலில் 'சினிமா தூது', அதை மூடவைத்ததும் 'இந்து நேசன்'. நட்சத்திரங்களின் படுக்கையறை வரை எட்டிப்பார்த்து எழுதுவார். எழுதாமல் இருக்கவும் ஒரு விலை உண்டு என்று ஊர் பேசியது. நவம்பரில் வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போனவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். கைதானவர்கள் யார்? எம். கே. தியாகராஜ பாகவதர். என். எஸ். கிருஷ்ணன். நாட்டின் குரலும் நாட்டின் சிரிப்பும். தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' ஒரு பக்கம் தியேட்டரில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் கதாநாயகன் இன்னொரு பக்கம் ஜெயிலில். 1945ல் நாடு கடத்தும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல். 1947 ஏப்ரலில் விடுதலை. குத்தியவர் யார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. சாண்ட்லர் இந்தக் கதையை எழுதிக்கொண்டு போயிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

எட்டு வருஷம் கழித்து, 1952 ஆகஸ்ட். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில். மூன்றாம் வகுப்பு சீட்டுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் நாற்றம் தாங்காமல் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. ஆளவந்தார், பேனா வியாபாரி. எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் அதற்குப் பிறகு ரயில் ஏறினால், உட்காரும் முன் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். விசாரித்த நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர், அவரே கதைப் புத்தகங்கள் எழுதுகிறவர். கொலையுண்டவர்மேல் அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் இல்லை. குற்றவாளிகளுக்குத் தூக்கு இல்லாமல் சில வருஷச் சிறையோடு விட்டார். நாவலில் பண்ண வேண்டியதை ஒருவர் தீர்ப்பில் பண்ணினார்.

சாராயத்தை நாம் திறந்துவிட்டது 1971 ஆகஸ்டில் என்றேன். நாலு மாதம் கழித்து, 1972 ஜனவரியில், பிராந்தி குடிக்கிற துப்பறிவாளர்கள் தமிழ் பேசத் தயாராகிவிட்டார்கள். வந்து இறங்கிய இடம் சென்னை இல்லை. சிவகாசி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைமணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் சிவகாசி, மழையில்லாததையே முதலாகப் போட்டுப் பிழைத்த ஊர். 1922ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்தபின் அது சும்மா இருக்கக்கூடாது. காளியும் முருகனும் காலண்டரில் சிரித்தார்கள். வெயிலில் மை சட்டென்று காய்ந்தது. அமெரிக்கக் கொலைக்குத் தேவையான மழை பெய்யாத ஒரே காரணத்தால்தான் அமெரிக்கக் கொலைகள் இங்கே ஒழுங்காக அச்சாயின.

எம். சௌந்திரபாண்டியன் ஆரம்பித்த முத்து காமிக்ஸ், முல்லை தங்கராசனை ஆசிரியராக வைத்து, முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. மாயாவிக்கு மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் உருவம் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கால மின்வெட்டுக்கு நம்மூரில் அவர் தொழில் நடத்தியிருந்தால் வாரத்தில் பாதி நாள் லீவுதான். அவர் பின்னாலேயே வந்தார் ரிப் கிர்பி: கண்ணாடி, பைப், பிராந்திக் கோப்பை, சேவகனாக டெஸ்மாண்ட் என்ற திருந்திய திருடன். சங்கர்லாலின் மாணிக்கம் டீ கொண்டுவந்த வீட்டில் டெஸ்மாண்ட் பிராந்தி ஊற்றினான். டவுசர் போட்ட பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1974ல் அரசாங்கம் கடைகளைத் திரும்பவும் இழுத்து மூடியது. கிர்பியின் கோப்பை காலியாகவில்லை.

கூடவே வந்த இன்னொருவர்தான் இந்தக் கதைக்கு முக்கியம்: ரகசிய ஏஜெண்ட் காரிகன். 1934ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் அவர் பிறந்தபோது பெயர்கூட இல்லை, வெறும் எக்ஸ்-9. படம் போட்டவர் அலெக்ஸ் ரேமண்ட். பின்னால் ரிப் கிர்பியை உண்டாக்கியவரும் அவரே. கதை எழுதியவர், அந்தப் பழைய பிங்கர்டன்காரர் டாஷியல் ஹாமெட். ஆக, ஹாமெட்டை இங்கிலீஷில் வாசிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களுக்கு முன்னாலேயே அவர் பெற்ற பிள்ளையை எங்கள் பையன்கள் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். அப்பன் பெயரை யாரும் அட்டையில் போடவில்லை.

1984ல் பதினேழு வயதுப் பையன் எஸ். விஜயன், அப்பாவின் முத்துவுக்குத் தம்பியாக லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழிலேயே மாடஸ்டி பிளைசி. அந்த அம்மாளுக்கு அமெரிக்க மழைக்கதைகளின் அழகிகளுக்கு வேண்டிய எல்லா லட்சணமும் உண்டு, துணிதான் போதாது. உள்ளூர் ஓவியர்கள் தூரிகையை எடுத்து, தேவைப்பட்ட இடங்களில் கறுப்பு மையால் கௌரவமாகப் போர்த்திவிட்டார்கள். சுற்றிலும் நூற்பாலைகளை வைத்துக்கொண்டு துணிக்கா பஞ்சம்?

ஹாமெட் எக்ஸ்-9ஐ ஒரு வருஷத்திலேயே கைவிட்டார். 1951ல், யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்து ஜெயிலுக்குப் போனார். 1961ல் இறந்தார். காரிகன் மட்டும் சிவகாசியில் சௌக்கியம். இப்போது அவரைப் பளபளக்கும் தாளில், கெட்டி அட்டையில் போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் அன்றைய டவுசர் பையன்கள். பாங்கிலிருந்தும் மின்வாரியத்திலிருந்தும் ரிட்டயர் ஆனவர்கள். புத்தகம் கைக்கு வந்ததும் நடுவில் பிரித்து மூக்கில் வைத்து இழுத்துப் பார்க்கிறார்கள். "என்னய்யா இது, அந்தச் சாணிப் பேப்பர் வாசமே வரலையே. விலையையும் ஏத்திட்டான்" என்று முனகிக்கொண்டே, மகன் வீட்டுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று என்று ரெண்டு பிரதிக்குப் பணம் கட்டுகிறார்கள்.